ரூ.55,000-க்கு ஒரு கோல்ஃப் டிரைவர்: பந்து எவ்வளவு தூரம் போகும், பணம் எவ்வளவு தூரம் போகும்?

போன மாசம் "பொழுதுபோக்குக்கு எவ்வளவு செலவு செய்யலாம்" வீடியோ போட்ட பிறகு ஒரு மெயில் வந்தது. சென்னையில் ஐ.டி. வேலை, வயசு 28, கைக்கு வரும் சம்பளம் ரூ.72,000. ஆபீஸில் மேனேஜர் உட்பட நாலு பேர் கோல்ஃப் ஆடுறாங்க, இவரும் எட்டு மாசமா கூடப் போறார். சீனியர் ஒருத்தர் கொடுத்த பழைய செட் கையில் இருக்கு. இப்போ கடையில் புது டிரைவர் ஒண்ணு அடிச்சுப் பார்த்திருக்கார். விலை ரூ.55,000. 12 மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ. "15 யார்டு அதிகமா போகுது, வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

கோல்ஃப் ஆடாதவங்களுக்கு ஒரு வரி: இது கார் ஓட்டுற டிரைவர் இல்லை. பையில் இருக்கும் கிளப்புகளிலேயே நீளமானது, பெரும்பாலான குழிகளில் முதல் அடி அடிக்கிற பெரிய தலைக் கட்டை. நீங்க கோல்ஃப் பக்கமே போகாத ஆளா இருந்தாலும் படிங்க. கேமரா, சைக்கிள், கிரிக்கெட் பேட் எதை வாங்கினாலும் இதே கணக்குதான்.

முதல்ல அந்த 15 யார்டை விசாரிப்போம். பணத்துக்கு அப்புறம் வரலாம்.

டிரைவருக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு

கோல்ஃபின் விதிகளை எழுதுறது ரெண்டு அமைப்பு. அமெரிக்காவில் யு.எஸ்.ஜி.ஏ., மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ. டிரைவர் எப்படி இருக்கணும்னு இவங்க போட்ட வரம்புகள் நிறைய. தலையின் பருமன் 460 சிசி-க்கு மேல் போகக் கூடாது. இது 2004-ல் வந்தது. முகப்பு எவ்வளவு ஸ்பிரிங் மாதிரி பந்தைத் தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பந்தும் முகப்பும் மோதும் வேகத்தில் 83 சதவீத வேகத்தோடுதான் ரெண்டும் பிரியலாம். இதைச் சோதிக்க முகப்பில் ஒரு சின்ன பெண்டுலத்தை மோதவிட்டு, ஒட்டியிருக்கும் நேரத்தை மைக்ரோ செகண்டில் அளக்குறாங்க. 239, அதுக்கு மேல் 18 வரை சலுகை. ஆக 257-ஐ தாண்டினா அந்த கிளப் செல்லாது.

இதுக்கு என்ன அர்த்தம்? முகப்பின் நடுவில் சரியா பட்ட அடியில், 2010-ல் வந்த நல்ல டிரைவரும் இன்னைக்கு வந்த டிரைவரும் கொடுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டும் அதே கூரையில் தலை இடிச்சு நிக்குது. வருஷா வருஷம் "இதுவரை இல்லாத வேகம்"னு விளம்பரம் வருதே, அதை இந்தக் கூரையை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

அப்போ கம்பெனிகள் சும்மா ஏமாத்துறாங்களா? அப்படியும் சொல்ல முடியாது. முன்னேற்றம் எல்லாம் நடுவில் படாத அடியில்தான் நடந்திருக்கு. நம்மள மாதிரி ஆட்கள் பத்துக்கு ஏழு தடவை முகப்பின் ஓரத்திலோ கீழேயோதான் அடிப்போம். அப்போ தலை திரும்பாம நிக்கணும். அந்தத் திரும்பாத தன்மையை எம்.ஓ.ஐ.னு ஒரு எண்ணால் சொல்வாங்க. அதுக்கும் 2006-லிருந்து வரம்பு இருக்கு: 5,900, சலுகையோடு 6,000.

இங்கே ஒரு வேடிக்கை. 2024-ல் டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ், பிங் ஜி430 மேக்ஸ் 10கே என்று ரெண்டு டிரைவர் வந்தது. ரெண்டுக்கும் "10,000 எம்.ஓ.ஐ." என்பதுதான் பெருமை. வரம்பு 6,000-ஆ இருக்கும்போது 10,000 எப்படி? விதி பார்க்கிறது இடம்-வலம் திரும்புற எண்ணை மட்டும். விளம்பரம் அதோட மேல்-கீழ் திரும்புற எண்ணையும் கூட்டிச் சொல்லுது. பொய் இல்லை, ஆனா கூட்டின எண். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் "5 வருஷத்தில் 76% வருமானம்"னு போட்டு, அது வருஷத்துக்கு 12%-தான் என்பதை உங்களையே கண்டுபிடிக்க விடுவாங்க பாருங்க, அதே டெக்னிக். ரெண்டு கிளப்பும் நிஜமாவே தவறை நல்லா மன்னிக்கிற கிளப்புகள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அவ்வளவுதான்.

"15 யார்டு" எங்கிருந்து வந்தது?

கடையில் உங்களை ஒரு வலைக்கு முன்னாடி நிக்க வச்சு, லாஞ்ச் மானிட்டர்னு ஒரு கருவியை வச்சு அளப்பாங்க. அதில் வரும் எண்களில் மூணு போதும்.

ஒண்ணு, கிளப் வேகம். உங்க உடம்பு கொடுக்கிறது. பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் சராசரி மணிக்கு சுமார் 115 மைல். சாதாரண ஆண் ஆட்டக்காரர் 90 முதல் 95-க்குள் இருப்பார். ரெண்டு, பந்து வேகம். இதைக் கிளப் வேகத்தால் வகுத்தா வருவதை ஸ்மாஷ் ஃபேக்டர்னு சொல்வாங்க. டிரைவரில் இது 1.5-ஐத் தொட்டா முடிஞ்சது. அந்தக் கூரை இதுக்குத்தான் போட்டது. மூணாவது கேரி, அதாவது பந்து தரையைத் தொடும் வரை பறந்த தூரம்.

மொத்த தூரத்தை நம்பாதீங்க. உருண்டு போகும் தூரத்தை கம்ப்யூட்டர் கற்பனை செய்து சேர்க்குது. தரை எவ்வளவு இறுகலா இருக்கு, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதெல்லாம் செட்டிங்கில் மாத்தலாம். காய்ஞ்சு இறுகின மைதானம்னு போட்டா எல்லாருமே பலசாலிதான்.

இப்போ நம்ம நண்பரை மாதிரி ஒருத்தரை எடுத்துக்குவோம். எண்கள் புரியறதுக்காக நான் போட்டவை. கிளப் வேகம் 93. பழைய டிரைவரில் ஸ்மாஷ் 1.42, பந்து வேகம் 132. கேரி சராசரி 203 யார்டு. புதுசில் கேரி சராசரி 208. அப்போ 15 எங்கே? அவரோட மிகச்சிறந்த புது அடி 221. பழைய கிளப்பின் வழக்கமான அடி 206 மாதிரி ஞாபகம். மனசு எப்பவும் புதுசின் பெஸ்டையும் பழசின் சராசரியையும் ஒப்பிடும். ஷேர் மார்க்கெட்டில் லாபம் வந்த மூணு பங்கை மட்டும் ஊருக்குச் சொல்ற மாமா எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருப்பாரே, அதேதான்.

சரி, 5 யார்டு நிஜமா? இங்கேதான் கொஞ்சம் நிதானமா உட்காரணும்.

ஒரே கிளப், ஒரே ஆள், பத்து அடி அடிச்சா பத்தும் ஒரே தூரம் போகாது. ஒண்ணு 185, ஒண்ணு 219. சராசரியிலிருந்து ஒவ்வொரு அடியும் சுமார் 12 யார்டு தள்ளி விழுதுன்னு வச்சுக்கோங்க. கத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு இது சாதாரணம். கிளப் ஒண்ணுக்கு 10 அடி மட்டும் அடிச்சா, ரெண்டு சராசரிகளுக்கு நடுவில் வரும் வித்தியாசத்திலேயே 5 யார்டு மேல கீழ ஆடும். கணக்கு: 12-ஐ, 2/10-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினா 5.4. அதாவது ரெண்டு கிளப்பும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாலும், சும்மா அதிர்ஷ்டத்தாலேயே 5 யார்டு வித்தியாசம் அடிக்கடி தெரியும். கடையில் அடிச்ச அந்தப் பத்து அடியை நம்பி ரூ.55,000 கொடுக்கிறது, ஒரு வருஷ ரிட்டர்னைப் பார்த்து ஃபண்ட் வாங்குற மாதிரி.

ஆடும் அளவைப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு அடி வேணும், அதாவது கிளப்புக்கு 40. ஒரே நாளில் முடியாது, கை விட்டுப்போயிடும். மூணு தடவை போங்க, ஒவ்வொரு தடவையும் கிளப்புக்கு 12, 13 அடி.

வரிசையும் முக்கியம். கடையில் எப்பவும் உங்க பழைய கிளப்பை முதல்ல அடிக்கச் சொல்வாங்க. அதுக்குள்ள உடம்பு சூடாகும், கை செட்டாகும். அப்புறம் புதுசு கைக்கு வரும். பழசுக்குக் கிடைச்சது உங்க குளிர்ந்த உடம்பு, புதுசுக்குக் கிடைச்சது சூடான உடம்பு. இதை உடைக்க ஒரே வழி மாத்தி மாத்தி அடிக்கிறது. அஞ்சு பழசு, அஞ்சு புதுசு, மறுபடி அஞ்சு பழசு. "மோசமான அடியை டெலீட் பண்ணிடலாமா சார்?"னு அன்பா கேட்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க. மைதானத்தில் யாரும் டெலீட் பண்ணித் தரப் போறதில்லை. ரேஞ்சில் கிடைக்கும் தேய்ஞ்ச பந்துகள் குறைவாகத்தான் பறக்கும், பரவாயில்லை. ரெண்டு கிளப்புக்கும் அதே பந்தா இருந்தா ஒப்பீடு நியாயம்தான்.

இன்னொரு சின்ன விஷயம். உங்க பழசு 9 டிகிரி, கடைக்காரர் கொடுத்தது 10.5 டிகிரியா இருந்தா நீங்க ஒப்பிட்டது மாடலை இல்லை, சாய்மானத்தை. 93 மைல் வேகத்துக்கு 10.5-லிருந்து 12 வரைதான் பெரும்பாலும் பொருந்தும். ஆனா நம்ம பசங்க 9 டிகிரியைத்தான் எடுப்பாங்க, ஏன்னா டிவியில் வர்றவர் அதைத்தான் வச்சிருக்கார். பழைய கிளப்பிலேயே கழுத்தில் திருகி லாஃப்ட் மாத்துற வசதி இருந்தா முதல்ல அதைத் திருகிப் பாருங்க. செலவு பூஜ்யம்.

5 யார்டுக்கு மதிப்பு என்ன?

இதுக்குப் பதில் சொன்னவர் நம்ம ஃபைனான்ஸ் உலகத்து ஆள். கொலம்பியா பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர் மார்க் பிராடி. ஆப்ஷன் விலை நிர்ணயம் மாதிரி கணக்குகளில் வேலை செய்தவர், அதே மூளையை கோல்ஃபில் போட்டார். ஒவ்வொரு அடியும், அது கிடந்த இடத்திலிருந்து சராசரியா எத்தனை அடியில் குழிக்குள் போகும் என்பதோடு ஒப்பிடணும், அப்போதான் எந்த அடி லாபம், எந்த அடி நஷ்டம்னு தெரியும். இதுக்கு ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்னு பேர். பி.ஜி.ஏ. டூர் 2011-ல் புட்டிங்குக்கு இதை அதிகாரப்பூர்வமா எடுத்துக்கிட்டது. 2014-ல் அவர் புத்தகமே எழுதினார்.

அவர் காட்டினது பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கிச்சு. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் மூணில் ரெண்டு பங்கு நீண்ட அடிகளில்தான் இருக்கு. ஆக, டிரைவருக்குச் செலவு பண்றது முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். தூரம் நிஜமாவே ஸ்கோரைக் குறைக்கும். ஆனா 5 யார்டு ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட முழுசா குறைக்காது. பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போனா? ஒரு ஸ்ட்ரோக் அபராதம், பழைய இடத்துக்கே வந்து மறுபடி அடிக்கணும். ஒரே அடியில் ரெண்டு போச்சு. அதோட பந்தும் போச்சு, நல்ல பந்து ஒண்ணு சில நூறு ரூபாய்.

அதனால் சோதனையில் தூரத்தோட இன்னொரு எண்ணையும் எழுதிக்கோங்க: நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ 25 யார்டுக்கு மேல் விலகின அடிகள் எத்தனை? 40-ல் பழசு 14 தடவை, புதுசு 8 தடவைன்னா அது வாங்க வேண்டிய காரணம். அப்போ தூரம் ஒரே அளவா இருந்தாக்கூட பரவாயில்லை. நந்தனம் காஸ்மோவிலோ பெங்களூரு கே.ஜி.ஏ.விலோ மரங்களுக்கு நடுவில் பந்து தேடினவங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இலவசமா 10 யார்டு வேணுமா? மேலே ஸ்மாஷ் 1.42 பார்த்தோம். அதே 93 மைல் வீச்சில், முகப்பின் நடுவில் பட்டு 1.48 வந்தா பந்து வேகம் கிட்டத்தட்ட 138. ஆறு மைல் கூடுது. பந்து வேகம் ஒரு மைல் கூடினா கேரி சுமார் ரெண்டு யார்டு கூடும்னு வச்சா, 10 யார்டுக்கு மேல். எந்தப் புது டிரைவரும் இந்த ஆளுக்கு இவ்வளவு தராது. எங்கே படுதுன்னு எப்படித் தெரியும்? ஒயிட்போர்டு மார்க்கரில் பந்து மேல ஒரு பொட்டு வச்சு, அந்தப் பொட்டு முகப்பைப் பார்க்கிற மாதிரி டீயில் வச்சு அடிங்க. முகப்பில் அச்சு விழும். துடைச்சா போயிடும். பத்து அடியில் எட்டு ஓரமா இருந்தா, கிளப்பைக் கொஞ்சம் கீழே, ஒரு இஞ்ச் விட்டுப் பிடிச்சு அடிச்சுப் பாருங்க. கடையில் விற்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 இஞ்ச்சுக்கு மேல் இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் அதைவிடக் குட்டையானதைத்தான் வச்சிருக்காங்க. நடுவில் படுது.

ஷாஃப்ட் பத்தியும் ஒரு வார்த்தை. ரெகுலர், ஸ்டிஃப்னு எழுதியிருக்கும் அந்த எழுத்துகளுக்குத் தொழில் முழுக்கப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொருத்தரின் ரெகுலர் மாதிரி இருக்கலாம். எழுத்தைப் பார்த்து வாங்காம, அடிச்சுப் பார்த்து வாங்குங்க.

இப்போ பணம்

மாடல் மாறும் வேகத்தைப் பாருங்க. டெய்லர்மேட் 2022-ல் ஸ்டெல்த், 2023-ல் ஸ்டெல்த் 2, 2024-ல் க்யூஐ10, 2025-ல் க்யூஐ35. காலவே 2022-ல் ரோக் எஸ்டி, 2023-ல் பாரடைம், 2024-ல் ஏஐ ஸ்மோக், 2025-ல் எலைட். வருஷத்துக்கு ஒண்ணு. பிங்கும் டைட்டிலிஸ்ட்டும் கொஞ்சம் பொறுமை: ஜி430 2023, ஜி440 2025, டிஎஸ்ஆர் 2022, ஜிடி 2024. புது மாடல் வந்த அன்னைக்கே பழைய மாடல் "பழசு" ஆயிடும், விலை இறங்கும். உள்ளே இருக்கும் கூரை மட்டும் அப்படியே 2004-ல் நிக்குது. விலை வேகமா குறையுது, பயன் மெதுவா குறையுது. பழைய பொருள் வாங்குறவனுக்கு இதைவிட நல்ல சந்தை அமையாது. (கார் மாதிரிதான், ஆனா சர்வீஸ் செலவு கிடையாது.)

ஒரு உதாரணக் கணக்கு. உங்க ஊர் விலையை விசாரிச்சு இதே மாதிரி போட்டுப் பாருங்க.

புதுசு: ரூ.55,000-க்கு வாங்கி மூணு வருஷம் கழிச்சு ரூ.20,000-க்கு விக்கிறீங்க. செலவு ரூ.35,000, வருஷத்துக்கு சுமார் ரூ.11,670.

ரெண்டு தலைமுறை பழசு: ரூ.24,000-க்கு வாங்கி மூணு வருஷம் கழிச்சு ரூ.12,000-க்கு விக்கிறீங்க. செலவு ரூ.12,000, வருஷத்துக்கு ரூ.4,000.

18 குழி ஆட்டத்தில் பொதுவா நாலு குழி பார்-3, அங்கே டிரைவர் எடுக்க மாட்டீங்க. மிச்சம் 14-ல் ஒரு 12 தடவை எடுப்பீங்கன்னு வைப்போம். மாசம் ஒரு ஆட்டம் ஆடினா வருஷத்துக்கு 144 அடி. புதுசில் அடி ஒண்ணுக்கு ரூ.81, பழசில் ரூ.28. வாரா வாரம் ஆடுற ஆளுக்கு 624 அடி, புதுசு ரூ.19, பழசு ஆறு ரூபாய்ச் சொச்சம். அதே கிளப், அதே விலை, ஆனா வாரா வாரம் ஆடுறவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. எத்தனை தடவை ஆடுறோம்னு நேர்மையா எண்ணாம "வாங்கலாமா"ன்னு கேட்டா யாராலும் பதில் சொல்ல முடியாது. போன ஆறு மாசத்து கேலண்டரைப் பாருங்க. இனிமே ஆடப் போற ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீங்க.

இன்னொரு கேள்வியும் போடணும்: கடைசி யார்டுக்கு என்ன விலை? இப்போ இருப்பது 203. உங்களுக்கு ஏத்த லாஃப்ட், ஷாஃப்ட்டோட ரூ.24,000 பழைய மாடல் 207 தருதுன்னு வைங்க. புது மாடல் 208. முதல் நாலு யார்டு, யார்டுக்கு ரூ.6,000. அடுத்த ஒரே ஒரு யார்டுக்கு ரூ.31,000. விளம்பரத்தில் ரெண்டையும் சேர்த்து "5 யார்டு"ன்னு சொல்லிடுவாங்க, அதான் நாம பிரிச்சுப் பார்க்கணும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யைப் பத்தி ஏற்கெனவே தனி வீடியோ இருக்கு, அதனால் சுருக்கமா. வங்கி சும்மா கடன் தராது. 15% வட்டின்னு வச்சா, 12 மாசத்தில் ரூ.55,000 கட்டுற கடனின் அசல் ரூ.50,780 மாதிரி, வட்டி ரூ.4,220. அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியா கொடுக்குது. ஆனா அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உங்க தலையில், சுமார் ரூ.760. பிராசசிங் கட்டணம் தனி. ஆக ரூ.1,000 பக்கம் கூடுது. அதைவிட முக்கியம்: "ரொக்கமா கொடுத்தா என்ன விலை?"ன்னு கேளுங்க. ரூ.4,000 குறைச்சா, அதுதான் உங்க வட்டி, பேர் மட்டும் வேற.

ஃபைனான்ஸ் சேனல்களில் வழக்கமா இந்த இடத்தில் "ரூ.31,000-ஐ 12% வருமானத்தில் போட்டா 10 வருஷத்தில் ரூ.96,000 ஆகும்"னு பயமுறுத்துவாங்க. கணக்கு சரிதான், 12% வரும்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க என்பதை விட்டுட்டா. ஆனா எனக்கு அந்த வாதம் பிடிக்காது. எல்லாச் செலவையும் இப்படிப் பெருக்கினா டீக்கடையில் டீ கூடக் குடிக்க முடியாது. நான் பார்க்கிறது வேற: வருஷத்துக்கு ஒரு பொழுதுபோக்கு பட்ஜெட். கைக்கு வரும் ஆண்டுச் சம்பளத்தில் 4% என்பது என் கணக்கு. நம்ம நண்பருக்கு ரூ.8,64,000-ல் ரூ.34,560. மைதானக் கட்டணம், கேடிக்குக் கொடுக்கும் பணம், பந்து, கிளவுஸ், கோச்சிங் எல்லாம் இதுக்குள்ள. அவசர நிதியும் எஸ்.ஐ.பி.யும் இதில் சேராது, அது முன்னாடியே ஒதுக்கி வைக்க வேண்டியது. ரூ.55,000 டிரைவர், ஒன்றரை வருஷ பட்ஜெட்டை ஒரே கட்டையில் முடிச்சிடும். அப்புறம் ஆடுறதுக்குப் பணம் எங்கே?

மெயிலில் இன்னொரு வரியும் இருந்தது: அவசர நிதி ரெண்டு மாசத்துக்குத்தான் இருக்கு, தங்கச்சி கல்யாணம் அடுத்த வருஷம். தம்பி, உனக்கு என் பதில், இப்போ வேண்டாம். லாஃப்டைத் திருகு, பொட்டு வச்சு அடி, ஒரு நல்ல கோச்சிடம் அஞ்சு வகுப்பு போ. மேனேஜர் கூட ஆடுறதுக்கு டிரைவர் விலை ஒரு தடையா இருக்கும்னு நினைக்காதே. கூட நடக்கிற நாலு மணி நேரப் பேச்சுதான் அங்கே உனக்குக் கிடைக்கிறது, அதுக்குப் பழைய கிளப் போதும். கல்யாணம் முடிஞ்சு, அவசர நிதி ஆறு மாசத்துக்கு வந்த பிறகும் வாரம் ஒரு தடவை ஆடிக்கிட்டு இருந்தா, அப்போ பழைய மாடலை ரொக்கத்தில் வாங்கு.

புதுசே வாங்கலாம்னு நான் சொல்ற ஆளும் உண்டு. வாரா வாரம் ஆடுறவர், கையில் இருப்பது 15 வருஷத்துக்கு முந்தின சின்னத் தலை கிளப், 40 அடி சோதனையில் விலகல் தெளிவா குறையுது, பட்ஜெட்டுக்குள்ள ரொக்கம் இருக்கு. இந்த நாலும் சேர்ந்தா சந்தோஷமா வாங்குங்க. உயரமானவங்க, இடதுகை ஆட்டக்காரர்கள் கூட. இவங்களுக்குப் பழைய சந்தையில் பொருத்தமானது கிடைக்கிறது கஷ்டம்.

பழசு வாங்கும்போது

போலி கிளப் உலகம் முழுக்க பெரிய தொழில். இந்த வருஷ மாடல், பெட்டி பிரிக்காதது, ரூ.12,000னு சோஷியல் மீடியாவில் பார்த்தா நகர்ந்துடுங்க. கழுத்துப் பகுதியில் இருக்கும் சீரியல் நம்பரைப் போட்டோ கேட்டு, கம்பெனியின் இந்திய விற்பனையாளரிடம் விசாரிங்க. மாடல் விதிப்படி செல்லுமான்னு யு.எஸ்.ஜி.ஏ. தளத்தில் இருக்கும் டிரைவர் தலைப் பட்டியலில் இலவசமா பார்க்கலாம். ஆபீஸ் போட்டியில் யாரும் கேட்க மாட்டாங்க, ஆனா கிளப் போட்டியில் கேட்பாங்க.

நேரில் பார்க்கும்போது முகப்பை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க, முடி மாதிரி விரிசல் இருந்தா வேண்டாம். மேல் பரப்பில் பெயின்ட் கீறல் பரவாயில்லை, அமுங்கின பள்ளம் கூடாது. தலையைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க; உள்ளே ஏதாவது உருண்டா ஒட்டுப்பசை உதிர்ந்திருக்கும், விலையைக் குறைக்க அது ஒரு காரணம். ஷாஃப்ட்டின் அடிப் பொருத்தி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற, அதனால் "ஷாஃப்ட் அப்புறம் மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா எந்தக் கம்பெனி பொருத்தின்னு கேளுங்க. திருகுற சாவியும் தலை உறையும் கூட வருதான்னு பாருங்க, தனியா வாங்கினா எரிச்சலான விலை. கிரிப் தேய்ஞ்சிருந்தா கவலைப்படாதீங்க, அது மாத்தக் கூடியது.

எப்போ வாங்கறது? டெய்லர்மேட்டும் காலவேயும் வழக்கமா ஜனவரி பக்கம்தான் புது மாடலை அறிவிக்கிறாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நீங்க விக்கிறவரா இருங்க, ரெண்டு மாசம் பின்னாடி வாங்குறவரா இருங்க.